ஒரு நெடில், இரண்டு குறில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். என்ஜின் ஷெட்டில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சட்டி. அடுப்பில் வைத்த மறுநிமிடமே தொட முடியாதாம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் கூட்ஸ் வண்டியின் கார்டு, ஊசி அண்ணன்.

"என்ன சட்டி, இன்னிக்கு யாரைச் சுட்டே?" என்று கேட்டுக்கொண்டேதான் டியூட்டிக்கு வருவார். வேறு யாராவது கேட்டிருந்தால் கரி அள்ளும் ஷவலைத் தூக்கியிருப்பேன். அவர் கேட்டால் சிரிப்பு வந்துவிடும்.

ஊசி என்ற பெயர் அவருடைய பெட்டியால் வந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு தகரப் பெட்டி உண்டு. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கை விளக்கு, விதிப் புத்தகம், தண்டவாளத்தில் வைக்கும் வெடி டப்பா, இவ்வளவும் எல்லோர் பெட்டியிலும் இருக்கும். அவர் பெட்டியில் கூடுதலாக ஒரு ஊசி, மூன்று நிறத்தில் நூல், ஒரு டப்பா நிறையப் பொத்தான். வண்டி எங்கே நின்றாலும் மனிதர் தைக்க உட்கார்ந்துவிடுவார். ஷெட்டில் பாதிப் பேர் கோட்டில் அவர் தைத்த பொத்தான்தான் இருந்தது.

இருபத்தொரு வருஷம் ஒரே வண்டியில் வேலை செய்தோம். ஆனால் டிரைவர் வண்டியின் தலையில், கார்டு வாலில். நடுவில் நாற்பது சரக்குப் பெட்டி, எங்கள் பேச்சில் வாகன். என் வாய் என்ஜின் விசில், அவர் வாய் பச்சைக் கொடி. நான் ஊதினால் அவர் கடைசியில் இருக்கும் பிரேக் வேன் ஜன்னல் வழியாகக் கொடியை ஆட்டி, கேட்டது என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

விசிலுக்கு எங்கள் ஷெட்டில் பள்ளிக்கூடக் கணக்கு. நீளமாக ஊதினால் நெடில், வெட்டி ஊதினால் குறில். மூன்று குறில் என்றால் பிரேக் போடு. நான்கு குறில் என்றால் நீ இறங்கிப் பின்னால் ஓடு, வண்டியின் வாலைக் காப்பாற்று. ஒரு நெடில், இரண்டு குறில் என்றால் எங்க ஆள் சிக்னல் கேபினுக்குப் போயிருக்கான், நீ வேனுக்குள்ளேயே இரு.

ஊசி அண்ணன் கொடி எப்போதும் லேட். கையில் இருக்கிற ஊசியைத் துணியில் குத்தி வைக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், பிறகு கொடியைத் தேட வேண்டும். நான் இடப்பக்கம் தலையை நீட்டிப் பத்து வரை எண்ணுவேன். அதற்கு மேல் பொறுமை கிடையாது.

"யோவ் ஊசி! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

பக்கத்தில் கரி தள்ளிக்கொண்டிருக்கும் ஃபயர்மேன் சிரிப்பார். "அவருக்குக் கேக்காது மச்சான்."

"கேக்காதுன்னுதானே மாப்ளே திட்டுறேன். நேர்ல போய் அண்ணன்கிட்ட இப்படிப் பேச முடியுமா?"

ஃபயர்மேன் என் தங்கையின் கணவர். வீட்டில் மாப்பிள்ளை, என்ஜினிலும் மாப்பிள்ளை. ஷெட்டே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன பிறகும், மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகும், வாட்ச்மேன் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

அந்தக் காலத்து விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. வண்டி ஒரு சிவப்பு சிக்னலில் நின்றுவிட்டால் சும்மா நின்றுகொண்டிருக்கக் கூடாது. சிக்னலை இயக்குகிற கேபின்மேன் கையில் அறுபது லீவர், நாலு டெலிபோன். ஒரு வண்டியை நிற்க வைத்துவிட்டு அதையே மறந்துபோனவர்கள் உண்டு. மறந்தால் அதே பாதையில் பின்னால் இன்னொரு வண்டியை விட்டுவிடுவார்கள். அதனால் ஃபயர்மேன் இறங்கி நடந்து, கேபின் படியேறி, "நாங்க கீழே நிக்கிறோம்" என்று வாயால் சொல்ல வேண்டும். கேபின்மேன் அந்தப் பாதைக்கான லீவரில் ஓர் இரும்பு வளையம் மாட்டுவார். வளையம் இருக்கிற வரை லீவரை இழுக்க முடியாது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். தெளிவான வானமாக இருந்தால் மூன்று நிமிடம் பொறுக்கலாம். மழை என்றால் உடனே போக வேண்டும். ஃபயர்மேன் போக முடியவில்லை என்றால் நான்கு குறில் ஊதிக் கார்டை இறக்க வேண்டும். அவர் சிவப்புக் கொடியோடு ஆயிரத்து இருநூறு அடி பின்னால் நடந்து தண்டவாளத்தில் மூன்று வெடி வைப்பார். வருகிற என்ஜின் அதில் ஏறினால் டமார் என்று சத்தம் கேட்கும், அந்த டிரைவர் நிறுத்துவார்.

இவ்வளவுதான் விதி. ஒரு ஆள் நடந்து போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை அப்படிப் படியேறிப் போனார். கேபின்மேன் ஏதோ எரிச்சலில் இருந்திருக்கிறார். "என்னய்யா, ரெண்டு நிமிஷம் நிக்க முடியாதா? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சீங்களா? உங்க டிரைவர்கிட்டப் போய்ச் சொல்லு, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு" என்று ரெஜிஸ்டரை மேஜையில் தூக்கிப் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை திரும்பி வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கை புருஷனை ஒருத்தன் அப்படிப் பேசுவதா? ஒரு வாரம் முழுக்க அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அன்று மத்தியானம் இரண்டு மணி. கொட்டோ கொட்டென்று மழை. அதே சிக்னலில் எங்களை நிறுத்தினார்கள். வளைவான இடம். இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் வாலில் பிரேக் வேன் மங்கலாகத் தெரிந்தது. எதிரே நானூறு அடியில் கேபின். வலப்பக்கம் வாய்க்காலைத் தாண்டி ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டு வரிசை வீடு. அதில் கடைசி வீடு ஊசி அண்ணனுடையது.

அன்று காலைதான் உலையிலிருந்து ஒரு கனல் துண்டு விழுந்து மாப்பிள்ளையின் குதிகாலைச் சுட்டிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வேலை பார்த்தார். ஆனாலும் வண்டி நின்றதும் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கப் போனார்.

"உக்காருங்க மாப்ளே."

"மழை மச்சான். உடனே போகணும்."

"எங்கேயும் போக வேண்டாம். அவனுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே! பாக்கட்டும். நல்லா முழிச்சுப் பாக்கட்டும்."

"அப்ப அண்ணனையாவது இறக்குங்க. நாலு ஊதுங்க."

ஊசி அண்ணனுக்கு நெஞ்சுச் சளி. இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். அந்த மழையில் ஆயிரத்து இருநூறு அடி நடந்து, குனிந்து வெடி வைத்து, அங்கேயே நிற்பதா? எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஒன்றும் ஊதாமல் இருந்தாலும் அவர் சும்மா இருக்க மாட்டார். ஆள் போகவில்லை போலிருக்கிறது என்று தானே இறங்கிவிடுவார். அவ்வளவு ஒழுங்கு.

அதனால் விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு நெடில், இரண்டு குறில்.

எங்க ஆள் போயிருக்கான், நீ உள்ளேயே இரு.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கோணிப்பையைத் தலையிலிருந்து இறக்கினார். நான் தலையை நீட்டி எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. வழக்கம்போல லேட்டாக, மழைக்குள் பச்சை ஆடியது. நான் வழக்கம்போலத் திட்டினேன்.

பதினோரு நிமிஷம் நின்றோம். கேபினில் அந்த மனுஷன் மறுபக்கத்தில் பெட்டிகளைத் தடம் மாற்றும் ஷண்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டெலிபோன் அடித்தது. பார்சல் வண்டி வரலாமா என்று பின்னால் இருந்த ஸ்டேஷனில் கேட்டார்கள். எங்களை மறந்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்.

பார்சல் வண்டி டிரைவருக்கு அந்த வளைவில் எங்கள் வேன் தெரிந்தபோது பிரேக் போட இடமில்லை. எங்கள் என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கியது, அவ்வளவுதான். நானும் மாப்பிள்ளையும் சுவரில் மோதிக்கொண்டோம், ஒரு சிராய்ப்புகூட இல்லை. பார்சல் டிரைவருக்குக் கால் முறிந்தது. சுட்ட காலோடு மாப்பிள்ளை எனக்கு முன்னால் ஓடினார். நாற்பது வாகனைத் தாண்டி ஓடினோம். வாலில் வேன் இல்லை. வேன் இருந்த இடத்தில் இருந்ததை நான் சொல்லப் போவதில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. பெரிய ஆபீஸில் நீள மேஜை, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, ஒரு மூலையில் டைப்பிஸ்ட். விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கேபின்மேன் எனக்கு முன்னாலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டிருந்தார். "மறந்துட்டேன் சார். மேல யாரும் வந்து சொல்லல. வந்திருந்தா வளையத்தை மாட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அழுதாராம்.

"உங்க ஃபயர்மேன் ஏன் போகலை?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"கால்ல தீக்காயம் சார். நடக்க முடியலை."

"அப்ப கார்டை இறக்கணுமே. விசில் கொடுத்தீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்துவிட்டது.

"கொடுத்தேன் சார். நாலு குறில்."

"கார்டு ஏன் இறங்கலை?"

"தெரியாது சார்."

டைப்பிஸ்ட் தட்டினார். இருபத்தொரு வருஷப் பழக்கத்தை முழுங்க எனக்கு நாலு தட்டு நேரம்தான் ஆனது. அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கதவருகே என்னைக் கடந்து போகும்போது மெதுவாகக் கேட்டார், "எத்தனைன்னு சொன்னீங்க மச்சான்?" நான் விரலால் நாலு காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே போய் நாலு என்றுதான் சொன்னார். என் தங்கை புருஷன், என்னைக் காட்டிக்கொடுப்பாரா?

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. கேபின்மேன் மறந்தார், கார்டு அலட்சியமாக இருந்தார் என்று பேச்சாகிவிட்டது. செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப் போகிறாரா? டியூட்டியில் தவறு செய்து செத்ததால் குடும்பத்துக்குப் பென்ஷன் இல்லை, ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று ஊசி அண்ணன் மனைவிக்கு, எங்கள் அண்ணிக்கு, நோட்டீஸ் போனது. ஷெட்டில் நேற்றுச் சேர்ந்த ஒருத்தன், "ஊசி பொத்தான் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கும், வேற என்ன?" என்றான். அவன் சட்டையைப் பிடித்து அறைந்துவிட்டேன். நாலு பேர் என்னை இழுத்தார்கள். எவ்வளவு பாசம் பாரு என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கூசியது.

பத்தாம் நாள் ஷெட் குமாஸ்தா கூப்பிட்டார். ஊசி அண்ணனின் தகரப் பெட்டி வாய்க்காலில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்ததாம், பூட்டுகூட உடையவில்லை. கூடவே வேனில் கிடைத்த துணிமணி ஒரு சாக்கில். வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"வேற யாரையாவது அனுப்புங்க" என்றேன்.

"உங்களை விட்டா அவருக்கு நெருக்கம் யாரு?"

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார் அண்ணி. ஆணியில் அண்ணனுடைய இன்னொரு யூனிஃபார்ம் அப்படியே தொங்கியது. அவர்கள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"வாங்க தம்பி. எங்க ஆளையே காணோமேன்னு நினைச்சேன்."

பெட்டியை இறக்கி வைத்தேன். இடுப்பில் செருகியிருந்த மாற்றுச் சாவியால் அண்ணி திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். சிவப்புக் கொடி, கை விளக்கு, விதிப் புத்தகம், வெடி டப்பா. டப்பாவைத் திறந்து எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன.

பிறகு சாக்கைக் கொட்டினார். ஒரு துண்டு, ஒரு செருப்பு, ஒரு கறுப்புக் கோட்டு. கோட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என்னுடையது. விபத்தன்று காலை ஷெட்டில் இரண்டாவது பொத்தான் அறுந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, "கழட்டுடா, டிரைவர்னு சொல்லிக்காதே வெளியில" என்று அவரே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

"இது உங்களுதுதானே?"

தலையாட்டினேன். அண்ணி கோட்டை மடியில் விரித்தார். பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. நூல் அறுக்கப்படவில்லை. நுனியில் ஊசி துணியில் குத்தி நின்றது.

"முடிச்சுப் போடல" என்றார் அண்ணி. ஊசியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கோட்டை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? வெளியே இறங்குன்னு விசில் கேட்ட மனுஷன் பொத்தான் தைச்சு முடிப்பாரா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். அவர் வண்டி விசில் கேட்டாத்தான் அடுப்புல டீத்தண்ணி வைப்பேன். ஒரு ஊதலுக்கு என்ன அர்த்தம், ரெண்டுக்கு என்ன அர்த்தம்னு எல்லாம் அவரே சொல்லிக் கொடுத்திருக்கார். அன்னிக்கு மழைன்னு கொடியில காயப் போட்ட துணியை அள்ளிக்கிட்டு இருந்தேன். ஒரு நெடில், ரெண்டு குறில். எனக்குக் கேட்டுச்சு."

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கேட்டதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, இன்னிக்கு நனைய மாட்டார். அந்தத் தம்பி நல்லா இருக்கணும்னு நினைச்சேன். உங்களைத்தான்."

என்னால் நிமிர முடியவில்லை. "ஏன் அண்ணி இதை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க நாலுன்னு சொன்னீங்கன்னாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதனால நான்தான் தப்பாக் கேட்டிருக்கேன்னு நினைச்சேன். பத்து நாளா உக்காந்து அதையே நினைச்சுப் பாக்குறேன். அந்த மழைச் சத்தத்துல என் காதுதான் என்னை ஏமாத்திடுச்சோன்னு."

அப்போதுதான் உடைந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேபின்மேன்மேல் வந்த கோபம், மாப்பிள்ளையைத் தடுத்தது, அண்ணன் நனையக் கூடாது என்று ஊதியது, மேஜைக்கு முன்னால் சொன்ன பொய், எல்லாம். அவர் காலைத் தொடக் குனிந்தேன். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம். என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் எனக்குத் தெரிந்த பாஷை. அவர் களைத்துப்போய்ச் சொன்னார். படியிறங்கும்போது பின்னாலிருந்து, "மாப்பிள்ளை கால் ஆறிடுச்சா?" என்று கேட்டார். ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாக நடந்தேன்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தாள். எங்கள் குடும்பக் கோபம்தான், எனக்கு மட்டும் சொந்தமா?

"செத்தவருக்கு இனிமே என்ன அண்ணே ஆகப் போகுது? நீ மனசு சுத்தம் பண்ணிக்க, என் மூணு பிள்ளைங்க வாயில மண்ணா? இவருக்கு வேலை போனா நீ சோறு போடுவியா? உனக்கே வேலை இருக்காது!"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. மாப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து குதிகால் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நானும் வரேன் மச்சான்" என்றார்.

"நீங்க வர வேண்டாம். நான் போக விடலைன்னு சொல்லிக்கிறேன்."

"நாலுன்னு நானும்தானே சொன்னேன்" என்றார். "தினமும் சாப்பாட்டுல உக்காந்தா அது ஞாபகம் வருது. சோறு இறங்கல."

தங்கை அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது முறை அந்த மேஜைக்கு முன்னால் அதிகாரி நாற்காலி போடச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நாலுன்னீங்க. இன்னிக்கு ஒரு நீளம், ரெண்டு குட்டைங்கறீங்க. அந்தம்மா வந்து அழுதாங்களா? பரிதாபப்பட்டு மாத்திச் சொல்றீங்களா?"

"இல்ல சார். அன்னிக்குத்தான் பொய்."

"எதை வெச்சு நம்புறது? ஒரு பொய்யாவது சொல்லியிருக்கீங்க. எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவர் தனக்குக் கேட்டதைச் சொன்னார். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு, அத்தனை தூரத்தில், மழையில், விசில் கணக்குத் தெரியுமா என்று மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அதிகாரியே ஒரு வழி சொன்னார். சோதித்துப் பார்ப்போம். அதே மாதிரி என்ஜின், அதே சிக்னல், விசில் ஊத அதே டிரைவர். ஒரு குமாஸ்தா அந்தம்மா வீட்டில் உட்காரட்டும். எந்த விசிலை எப்போது ஊதுவது என்பது சீட்டில் எழுதி என்ஜினில் இருக்கும். அவர் என்ன கேட்டது என்று சொல்கிறாரோ அதைக் குமாஸ்தா எழுதட்டும்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்து விசிலையும் அண்ணி ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார். கடைசி விசிலுக்கு மட்டும் எத்தனை ஊதல் என்று சொல்லாமல், "நீங்க உள்ளேயே இருங்கன்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாராம். அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். கார்டு விதிப்படி நடந்துகொண்டார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பென்ஷன் வந்தது. அண்ணி வேறு ஊருக்குப் போனார். எனக்கு வேலை போய், எட்டு மாதம் சிறை. மாப்பிள்ளையை என்ஜினிலிருந்து இறக்கி ஷெட்டில் சாம்பல் அள்ளப் போட்டார்கள். அங்கேயும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வாசலில் பார்த்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். இதில் எதுவும் ராத்திரி என்னை எழுப்புவதில்லை. எழுப்புவது அந்தச் சோதனை நாள்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தனி என்ஜின், பின்னால் ஒரு வாகன்கூட இல்லை. வேறொரு டிரைவர் ஓட்டி வந்து சிக்னலில் நிறுத்தினார். எனக்குப் பழக்கமில்லாத ஒரு ஃபயர்மேன். கைக்கடிகாரத்தோடு ஓர் ஆபீஸர் என் பக்கத்தில் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினார். என் வேலை கயிற்றை இழுப்பது மட்டும். மூன்று குறில் ஊதினேன். இரண்டு நிமிஷம் கழித்து ஒரு நெடில். பிறகு நான்கு குறில், ஊதவேண்டிய நாளில் ஊதாத அதே நான்கு. பிறகு ஒரு குறில்.

ஆபீஸர் ஐந்தாவது சீட்டைப் பிரித்துக் காட்டினார்.

இழுத்தேன். ஒரு நெடில், இரண்டு குறில்.

ஊதி முடித்ததும் என் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. தலையை நீட்டி வாலைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து ஆகியும் பச்சை வரவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது.

"யோவ் ஊசி! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்று கத்தினேன்.

ஆபீஸர் திரும்பிப் பார்த்தார். கரித் தொட்டிக்குப் பின்னால் வெறும் தண்டவாளம் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் புது ஃபயர்மேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவருக்குக் கேக்காது மச்சான் என்று சொல்ல மாப்பிள்ளை என்ஜினில் இல்லை.